அக்காவுக்குத் தெரிந்த ஒரே எண்

எங்கள் வீட்டுப் போனை எடுக்கிறவள் நான். பேசுகிறவள் அக்கா. இத்தனை வருடமும் அப்படித்தான். அக்கா இங்கிலாந்திலிருந்து கூப்பிடுவாள், நான் "ம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது. ஆட்கள் முன்னால் நின்றாலே நாக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் தட்டுக் கழுவினேன். தட்டுகளோடு பேச வேண்டிய அவசியம் இல்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்திப்போனது. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் இல்லை, வீட்டுக்காரரும் போய்விட்டார். அவர் வாங்கி வைத்த போன் மட்டும் மிஞ்சியது.

அக்கா படித்தவள். தாதி வேலைக்குப் படிக்க இளம் வயதிலேயே கப்பலேறியவள், அங்கேயே தங்கிவிட்டாள். வெளிநாட்டுக்குப் போன் பேசுவது கல்யாணச் செலவு போல இருந்த காலத்தில் அவள் ஒரு சட்டம் போட்டாள். "நீ கூப்பிடாத. நான்தான் சம்பாதிக்கிறேன், நான் கூப்பிடுறேன்." நான் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை.

இப்போது அக்கா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வருகிறது. வேலை பார்த்த ஆஸ்பத்திரி மறந்துவிட்டது. கட்டிய புருசன் மறந்துவிட்டார். எங்கள் வீட்டு எண் மட்டும் மறக்கவில்லை. அது அவள் மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது என்று அங்குள்ள தாதி ஒருத்தி சொன்னாளாம். சனிக்கிழமை பசியாறியதும் எழுந்து போய்த் தானே பட்டனை அமுக்குவாள். வேறு யாரும் அமுக்கிக் கொடுத்தால் கோபம் வரும். அங்கே காலை, இங்கே எனக்குச் சாயங்காலத் தேத்தண்ணி நேரம். அந்தக் கொஞ்ச நேரம் அவள் முழுதாக என் அக்காவாக இருப்பாள். என்னைப் பெயர் சொல்லித் திட்டுவாள்.

ஒரு வாரம் போன் வரவில்லை என்று பயந்து நானே கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"யாரு நீ?" என்றாள்.

"நாந்தான்க்கா."

"என் தங்கச்சி போன் பண்ண மாட்டா. நான்தான் பண்ணுவேன். ஏமாத்தப் பாக்குறியா?"

வைத்துவிட்டாள். அந்தத் தாதி என் கைப்பேசி எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தாள். அக்கா அதைக் கிழித்துப்போட்டாளாம், இது அவ நம்பர் இல்லை என்று. ஆக, அந்தப் பழைய எண் இருக்கிறவரைக்கும்தான் எனக்கு அக்கா. எண் போனால் அவள் உயிரோடு இருந்தும் எனக்கு இல்லை.

இதில்தான் அரசாங்கம் வந்து சேர்ந்தது.

எங்கள் அடுக்குமாடியில் பழைய செப்புக் கம்பிகளைப் பிடுங்கியபோது, பக்கத்துத் தெருவில் மாடியில் சின்னதாகக் கம்பெனி வைத்திருந்த ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை. "இனிமே உங்க போன் இன்டர்நெட்ல ஓடும் ஆன்டி. நம்பர் அதேதான், போனும் அதேதான். நடுவுல ஒரு டப்பா, அவ்ளோதான் லா" என்றான். டப்பாவில் பச்சை விளக்கு மினுங்கியது. அக்காவின் குரல் முன்னைவிடத் தெளிவாக வந்தது. அவள் அங்கே மூக்குச் சிந்துவதுகூடக் கேட்டது. சில வருடம் நன்றாகத்தான் போனது.

பிறகு ஒருநாள் அந்தத் தம்பி முகம் செத்துப்போய் வந்து வாசலில் நின்றான்.

"கம்பெனிய மூடுறேன் ஆன்டி. லைசன்ஸ் பிரச்சனை."

"என்னா லைசன்ஸ்?"

"மூணு விதம் இருக்கு. கம்பி வச்சிருக்கிறவனுக்கு ஒன்னு. அந்தக் கம்பியில சேவை ஓட்டுறவனுக்கு ஒன்னு. அதை வாங்கி ஆளுங்களுக்கு விக்கிறவனுக்கு ஒன்னு. நான் மூணாவது ஆளு."

"ஓங்கிட்ட இல்லையா?"

"இருந்துச்சி. புதுப்பிக்கணும்னா ரெண்டாவது ஆளு கடுதாசி குடுக்கணும். அவன் லைசன்ஸும் முடிஞ்சிருச்சி. அவனுக்குப் புதுப்பிக்கணும்னா, யாருக்கு விக்கிறேன்னு மூணாவது ஆளுகிட்ட கடுதாசி வாங்கணுமாம்."

"மூணாவது ஆளு நீதானே?"

"நான்தான். ஆனா என் லைசன்ஸ் முடிஞ்சிருச்சே. என் கடுதாசி செல்லாது."

எங்கள் தெருவில் நாய் வளர்க்க ஒரு லைசன்ஸ்தான். பலகாரக் கடை போடுகிறவரும் ஒரு லைசன்ஸைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நாயும் வடையும் ஒரு லைசன்ஸில் அடங்கிவிடுகின்றன, என் அக்கா "சாப்டியா" என்று கேட்க மூன்று வேண்டியிருக்கிறது.

"பயப்படாதீங்க ஆன்டி. எல்லார் நம்பரையும் பெரிய கம்பெனிக்கு மாத்திவிடுவாங்க. கவர்ன்மென்டே பாத்துக்கும்" என்றான். அதுவரைக்கும் எனக்குப் பயம் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் வந்தது.

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவனுக்கே தெரியாது என்று பிறகு தெரிந்தது. எண்ணை மாற்றும் முன்னால் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் வரும், ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணைச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எண் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். இதை அவர்கள் முறையாக ஈமெயிலில் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார்கள். எங்களைப் போலக் கிழடுகளுக்கு ஈமெயில் இல்லாததால் அந்தத் தம்பி எங்கள் எல்லார் பேருக்கும் கம்பெனி ஈமெயிலைக் கொடுத்து வைத்திருந்தான். கம்பெனியை மூடியபோது ஈமெயிலையும் மூடிவிட்டான். அறிவிப்பு போய்ச் சேர்ந்தது, பூட்டின வீட்டுக்கு.

போன் வந்தது. மரியாதையான பெண் குரல், மலாய்.

"அம்மா, அரசாங்க அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் எண் துண்டிக்கப்படலாம். உறுதிப்படுத்த உங்கள் ஐசி எண்ணைச் சொல்லுங்கள்."

எங்கள் லிப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதே அரசாங்கம் ஒட்டியதுதான். முகமூடி போட்ட ஒரு திருடன் படம், கீழே மூன்று மொழியில் எழுத்து. அரசாங்கத்திலிருந்து பேசுகிறோம் என்பார்கள், உங்கள் போன் துண்டிக்கப்படும் என்பார்கள், ஐசி எண்ணைக் கேட்பார்கள், அது மோசடி, ஒரு வார்த்தையும் பேசாமல் உடனே வையுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதைத்தான் வாசிக்கிறேன். அரசாங்கம் இதுவரை என்னிடம் கேட்டுக்கொண்டதிலேயே எனக்கு ரொம்ப வசதியான காரியம், பேசாமல் இருப்பது. ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுபடியும் வந்தது, இந்தத் தடவை ஆண் குரல். மறுபடியும் வைத்தேன்.

மூன்றாவது தடவை வந்தபோது பக்கத்து வீட்டு அங்கிள் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்கத்தில் வேலை பார்த்து பென்சன் வாங்குகிறவர். ஓய்வு பெற்ற பிறகும் திங்கள் முதல் வெள்ளி வரை சட்டைக்கு இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். வாசித்து முடித்த பேப்பரை எனக்குக் கொண்டுவந்து தருவது அவர் வழக்கம். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்துத் தானே வாங்கிக்கொண்டார்.

"எந்த டிபார்ட்மென்ட்? உங்கட மேலதிகாரி ஆர்? அரசாங்க உத்தியோகத்தர் ஒருத்தர் இப்பிடிப் போனில ஐசி கேப்பாரோ? நான் முப்பது வருசம் அரசாங்கத்தில இருந்தவன். பொலிசில சொல்லிப்போடுவன், விளங்குதோ?"

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களே, பயந்துபோட்டான்."

அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் அரசாங்கத்துக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை போன் செத்துக் கிடந்தது. காதில் வைத்தால் ஒன்றுமில்லை, கூவலும் இல்லை, இரைச்சலும் இல்லை. டப்பாவில் விளக்கு எரியவில்லை. தேத்தண்ணி ஆறி, ஆடை கட்டி, அப்படியே இருந்தது. அங்கே அவள் அமுக்கிக்கொண்டிருக்கிறாளா, அமுக்கி யாரும் எடுக்காமல் என்ன நினைக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் மூன்று சனிக்கிழமை அப்படியே போன பிறகு, போன் விவகாரம் பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்கு அங்கிளோடு போனேன். ஸ்ரீ கெம்பாங்கானைத் தாண்டி, கண்ணாடியாலேயே கட்டிய ஒரு கட்டடம். அங்கிள் டை கட்டியிருந்தார். பழைய ஆபிசுக்குத் திரும்பிப் போகிற மாதிரி முகத்தில் ஒரு களை. கவுன்டரில் இருந்தவர் நம் தமிழ் ஆள், சின்ன வயசு அதிகாரி. அதுவே எனக்குக் கொஞ்சம் தைரியம்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஆன்டி, நாங்க மூணு தடவை கூப்பிட்டிருக்கோம். ரெண்டு தடவை கட் பண்ணியிருக்கீங்க. மூணாவது தடவை ஒரு ஆம்பளைக் குரல் மிரட்டியிருக்கு. சிஸ்டத்துல 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை'ன்னு இருக்கு."

அங்கிள் தன் டையைச் சரிசெய்துகொண்டார்.

நான்தான் பேச வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டிக் கை நீட்டினேன். அங்கே லிப்டில் இருக்கும் அதே நோட்டீஸ், அதைவிடப் பெரிதாக, அதே முகமூடித் திருடன். அதிகாரி திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தினமும் முதுகுக்குப் பின்னால் இருப்பதை அன்றைக்குத்தான் வாசித்தார்போல.

"அது வேற டிபார்ட்மென்ட், ஆன்டி" என்றார்.

"என் நம்பர்..." என்றேன்.

"அது உங்க நம்பர் இல்ல. நம்பர் எல்லாம் கவர்ன்மென்டோடது. கவர்ன்மென்ட் கம்பெனிக்குக் குடுக்கும், கம்பெனி உங்களுக்குக் குடுக்கும். யூஸ் பண்ணிக்கலாம், சொந்தம் கெடையாது. இப்ப அது பொதுவுக்குத் திரும்பிப்போய், வேற ஆளுக்கும் குடுத்தாச்சி."

"யாருக்கு?"

"அது அவங்களோட தனிப்பட்ட விவரம். சொல்லக்கூடாது. சட்டம் இருக்கு."

வெளியே வந்ததும் அங்கிள் மெல்லச் சொன்னார், "அவர் சொல்லுறது விதிப்படி சரிதான், பாருங்கோ." எனக்கு முதல் தடவையாக அவர் மேல் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு அந்த எண் தெரியும், அதை அமுக்கினால் யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அலுவலகம் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற ரகசியம் என் விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கைப்பேசியை எடுத்து, கடவுளை நினைத்து, அமுக்கினேன்.

"டயர் கடை" என்றது ஒரு பெண் குரல். உரத்த குரல். பின்னால் டமார் டமார் என்று இரும்புச் சத்தம். "எந்த வண்டி? லோரியா, காரா?"

எனக்கு "அக்கா..." என்று மட்டும் வந்தது.

அந்தக் குரல் இறங்கியது. "நீங்க அந்த லண்டன் அக்காவோட தங்கச்சியா?"

அழுதுவிட்டேன். அந்த அம்மா அழட்டும் என்று விட்டாள். பிறகு சொன்னாள், "சனிக்கிழம ஆனா லண்டன் நம்பர்லருந்து கூப்பிடுறாங்கக்கா. மொத வாரம் ராங் நம்பர்னேன். உடனே திரும்ப அடிச்சாங்க, திரும்ப அடிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. 'தங்கச்சி குளிக்கிறாங்க'ன்னு சொல்லிட்டேன். சரின்னு வச்சிட்டாங்க. அடுத்த வாரமும் அதையே சொன்னேன். நீங்க குளிச்சிக்கிட்டே இருக்கீங்க."

கடை கிள்ளானுக்கு அப்பால், காப்பாரில், மெயின் ரோட்டில். பார்க்கப் போனேன், அங்கிளும் வந்தார். புருசன் இறந்த பிறகு அந்த அம்மாதான் கடையை நடத்துகிறாள். கறுப்பு மசி பிடித்த கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணைப் போர்டில் எழுதி, லோரிக் கம்பெனிகளுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் அவள் சொன்னாள், "இதுல ஒரு வழி இருக்குக்கா. ஒங்க அக்கா நம்பர்லருந்து வந்தா மட்டும் நேரா ஒங்க கைபோனுக்குப் போற மாதிரி செட் பண்ணலாம். பட்டன அமுக்கினா முடிஞ்சிச்சி. இப்பவே பண்ணவா?"

"பொறுங்கோ" என்றார் அங்கிள். "கேட்டுப்போட்டுச் செய்வம்."

முப்பது வருடம் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்கிறார். பேனாவுக்கு மை மாற்றுவதைக்கூடக் கேட்டுச் செய்தவர். எழுதிக் கேட்டார். பதிலும் வந்தது, இந்த மாதிரிக் கேள்விக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஒரு சந்தாதாரர் தனக்கு வரும் அழைப்பை, தன் குடும்பத்தாரோ ஊழியரோ அல்லாத ஒருவருக்கு, வழக்கமாக, இணையத்தின் வழியாகக் கடத்தினால் அது தொலைபேசிச் சேவை வழங்குவதாகும். சேவை வழங்க லைசன்ஸ் வேண்டும். மூன்றாவது வகை. இல்லாமல் செய்தால் சந்தாதாரரின் இணைப்பு துண்டிக்கப்படும்.

அங்கிள் அதைக் கடையில் நின்று வாசித்துத் தமிழில் சொன்னார். அந்த அம்மா டயர் கழற்றும் கம்பியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குலா கேட்டீங்க?"

"கேக்காமச் செய்யலாமோ பிள்ளை?"

"கேக்காம செஞ்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

"அது தெரியாமச் செய்ததாப் போயிருக்கும். இனிச் செய்தா தெரிஞ்சு செய்த குற்றம்."

"அப்ப ஒங்களாலதான் குத்தம்."

அங்கிள் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"சரி, நம்பரையே திருப்பிக் குடுத்துர்றேன். அக்கா எடுத்துக்கட்டும்" என்றாள். அதையும் அங்கிள் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்தால் எண் பொதுவுக்குப் போகும். பொதுவிலிருந்து யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது. காஜாங்கில் கறி சுட்டு விற்கிற ஒரு சாத்தே கடைக்குப் போய்ச் சேரலாம், அங்கே இருக்கிறவர் என்னைக் குளிக்கவைக்கிற குணமுள்ளவராக இருப்பார் என்று யார் சொல்வது?

அந்த அம்மா, "எவன் வந்து பாக்கப் போறான், பட்டன அமுக்கிர்றேன்" என்று எழுந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே ஒருமுறை அறுந்த இணைப்பு. இன்னொருமுறை அறுந்தால் அக்கா அமுக்குகிற எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசக் குரலும் இருக்காது. அந்த அம்மாவின் பிழைப்பும் போகும்.

கடைசியில் நான் கேட்டேன். என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு கேள்வி வந்தது எனக்கே ஆச்சரியம். "நான் இங்கயே வந்து உக்காந்து போன எடுத்தா, அதுக்கு லைசன்ஸ் வேணுமா?"

அங்கிள் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆள் நேரில வந்து இருக்கிறதுக்கு ஒண்டும் போடேல்லை" என்றார். பிறகு, ரொம்பத் தயக்கத்தோடு, "இதைக் கேக்காம விடுவம்" என்றார். அந்த மனுசனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் கிள்ளான் வரைக்கும் ரயில், அங்கிருந்து காப்பாருக்குப் பஸ். இணையம் வந்ததே தூரத்தைக் குறைக்கத்தான் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். முன்பு அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியிலிருந்து போன் வரைக்கும்தான் தூரம், இப்போது ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸும்.

கடையில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறாள் அந்த அம்மா. அக்கா கூப்பிடுகிற நேரத்தில் வேறு போன் வராமல் இருக்க, தெரிந்த லோரிக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், "சனிக்கிழம சாயங்காலம் எவனும் டயர் வெடிச்சிக்காதீங்க, லண்டன் கால் வரும்" என்று. அவர்களும் மதிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் என்னைக் கடை முதலாளி என்று நினைத்து, இந்த டயர் இன்னும் எத்தனை மைல் ஓடும் என்று கேட்டார். நான் "ம்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

நான் முதல் தடவை அங்கே போனை எடுத்தபோது அக்கா எடுத்த எடுப்பிலேயே திட்டினாள்.

"எத்தன வாரமாடி குளிப்ப? அம்மா இருந்தா ரெண்டு போட்டிருப்பாங்க."

"ம்."

"சளி புடிக்கும். தலைய நல்லாத் தொவட்டு."

"ம்."

நன்றாகப் பேசினாள். என் பெயரைச் சொன்னாள். அங்கே மழை என்றாள், சோறு கஞ்சி மாதிரி இருக்கிறது என்றாள், தாதி ஒருத்தி நல்லவள், இன்னொருத்தி முகத்தை நீட்டுகிறவள் என்றாள். என் பக்கத்தில் காற்றடிக்கிற இயந்திரம் சீறியது. பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அங்க என்னா சத்தம்?"

அந்த அம்மா ஓடிப்போய் இயந்திரத்தை அணைத்தாள். லோரிக்காரர்கள் இரண்டு பேர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, அதுவும் சத்தம் போடும் என்பதுபோல அசையாமல் நின்றார்கள்.

"ஒன்னும் இல்லக்கா. மழ வரப்போவுது."

"வெளிய எங்கயாவது சுத்துறியா?"

"இல்ல."

"வீட்ட விட்டு எங்கயும் போவாத. நான் போன் பண்ணுவேன். நீ இல்லன்னா எனக்கு யாரத் தெரியும்?"

"எங்கயும் போவலக்கா" என்றேன், காப்பாரில் உட்கார்ந்துகொண்டு. "வீட்டுலதான் இருக்கேன்."